டி.எச். ரோட்டில் டப்பா தேடுவது எப்படி?

வண்ணாரப்பேட்டையைத் தாண்டி வடக்கே மெட்ரோவில் போகும்போது நிலையங்களின் பெயர்களைக் கவனியுங்கள். சுங்கச்சாவடி, காலடிப்பேட்டை, தேரடி, விம்கோ நகர். சுங்கச்சாவடி என்பது பலகையில் மட்டும்தான், ஜனங்களுக்கு அது டோல்கேட். வண்டியை மறித்து வசூல் செய்ய அங்கே இன்று யாரும் இல்லை, பெயர்தான் மிச்சம். காலடிப்பேட்டையில் யாருடைய காலடியும் பதியவில்லை. 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை அது. காலெட்பேட்டை நம் வாயில் தேய்ந்து காலடிப்பேட்டை ஆயிற்று. விம்கோ என்பது வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்ற தீப்பெட்டிக் கம்பெனியின் சுருக்கம். தினமும் அங்கே ஏறி இறங்குகிற பலருக்கு இது தெரியாது.

இந்தப் பெயர்களையெல்லாம் கோத்துக்கொண்டு மெட்ரோ பாலத்துக்குக் கீழே ஓடுகிறது திருவொற்றியூர் நெடுஞ்சாலை என்கிற டி.எச். ரோடு. வள்ளலார் ஏழுகிணற்றில் குடியிருந்த காலத்தில் திருவொற்றியூருக்குப் போய்வந்த திசை இது. சாலை அப்படியே இருக்கிறது, ஆனால் நாம் அதை ஜன்னலுக்கு வெளியே தள்ளிவிட்டோம். ஜியோகேச்சிங் நம்மைத் திரும்பவும் இறங்கி நடக்க வைக்கும். இதுவரை கேள்விப்படாதவர்களுக்காக முதலிலிருந்தே சொல்கிறேன்.

விளையாட்டு என்ன?

ஒருவர் ஒரு டப்பாவை ஓரிடத்தில் வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை வெளியிடுவார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். துணையோடு தேடிப் போவார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதி, டப்பாவை இருந்தபடியே வைத்துவிட்டு வருவார்கள். அவ்வளவுதான். சில டப்பாக்களில் சின்னப் பொருட்கள் இருக்கும். ஒன்றை எடுத்தால் அதற்குச் சமமான அல்லது மேலான ஒன்றை வைக்க வேண்டும்.

2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை நீக்கியது. நூறு மீட்டர் வரை தவறு காட்டிய கருவி திடீரென்று பத்து, இருபது மீட்டருக்குள் சரியாகச் சொல்லத் தொடங்கியது. ஓரிரு நாளில், மே 3 அன்று, டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தின் ஒரு காட்டில் பிளாஸ்டிக் வாளி ஒன்றைப் புதைத்து, இருப்பிட எண்களை இணையத்தில் போட்டார். இன்று புதைக்கக் கூடாது என்பது விதி. முதல் டப்பாவே விதியை மீறியது என்று ஆட்டக்காரர்கள் சிரிப்பார்கள்.

முதல் வேலை: எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஆண்ட்ராய்டோ ஐபோனோ, ஒரு கைப்பேசி போதும். தனிக் கருவி வாங்கிச் செலவு செய்யாதீர்கள். ஜியோகேச்சிங் செயலியை இறக்கி இலவசக் கணக்கு தொடங்கலாம். பணம் கட்டிய உறுப்பினர்களுக்கு மட்டும் திறக்கும் டப்பாக்களும் உண்டு, ஆரம்பத்தில் அவை தேவையே இல்லை.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் எண்களை எழுதும் முறை. நம் கைப்பேசி வரைபடம் வழக்கமாகப் பாகையைத் தசமத்தில் காட்டும்: 13.1604. இந்த விளையாட்டில் பாகையைத் தனியாகவும், கலையை, அதாவது பாகையின் அறுபதில் ஒரு பங்கை, தசமத்திலும் எழுதுவார்கள்: 13° 09.624'. இரண்டும் ஒரே இடம்தான். 0.1604ஐ 60ஆல் பெருக்கினால் 9.624 வரும், அவ்வளவே கணக்கு.

நான் முதல் தடவை அந்தப் பாகைக் குறியைச் சட்டை செய்யாமல், 13° 09.624' என்பதை 13.09624 என்றும், 80° 18.100' என்பதை 80.18100 என்றும் வரைபடத்தில் அடித்தேன். திருவொற்றியூரில் தேட வேண்டியவன் பதினைந்து கிலோமீட்டர் தள்ளிப் பாடிப் பக்கம் போய் நின்று, ஒரு வீட்டு மதில் சுவரை அரை மணி நேரம் சுற்றி வந்தேன். வீட்டுக்காரர் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் "யாருப்பா வேணும்?" என்று கேட்டார். என்ன சொல்வது? "அட்ரஸ் தப்பு சார்" என்றேன். பொய் இல்லை.

இன்னொரு கணக்கையும் மனதில் வையுங்கள். கலையின் மூன்றாம் தசமத்தில் ஒன்று கூடினால் தரையில் சுமார் 1.85 மீட்டர், ஆளுயரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். இரண்டாம் தசமத்தில் ஒன்று பிசகினால் பதினெட்டு மீட்டர், டி.எச். ரோட்டில் அது எதிர்வாடைக் கடை.

இரண்டாவது: வைப்பதற்கு முன் தேடுங்கள்

சென்னையில் டப்பாக்கள் குறைவு. இருப்பதில் நாலைந்தாவது தேடிப் பாருங்கள். தேடாமலே சொந்த டப்பா வைக்கிறவர்கள் அதை மூன்று வாரத்தில் பறிகொடுப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண் இருக்கும். கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம், போய்ச்சேர்வது எவ்வளவு கடினம் என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை. இரண்டும் ஒன்றரைக்குள் இருப்பதை முதலில் எடுங்கள். அளவையும் பாருங்கள். 'நானோ' என்று போட்டிருந்தால் அது சட்டைப் பொத்தான் அளவு, முதல் நாளே அதைத் தேடி மனம் வெறுக்க வேண்டாம்.

இடத்தை நெருங்கிப் பத்து மீட்டருக்குள் வந்ததும் கைப்பேசியைப் பையில் போட்டுவிடுங்கள். இனிமேல் அது உதவாது. டி.எச். ரோட்டில் புதுவண்ணாரப்பேட்டைக்கு வடக்கே தலைக்கு மேல் மெட்ரோ பாலம் ஓடுவதால் செயற்கைக்கோள் சிக்னல் கான்கிரீட்டில் பட்டுத் தெறித்து வரும். அம்புக்குறி சாலையின் இரண்டு பக்கமும் மாறி மாறித் தாவும். பாலத்தடியிலிருந்து விலகி, ஒரு குறுக்குத் தெருவில் வானம் தெரிகிற இடத்தில் இரண்டு நிமிடம் அசையாமல் நில்லுங்கள், எண் நிலைக்கும். பிறகு கண்ணால் தேடுங்கள். 'நான் இங்கே வைப்பதென்றால் எங்கே வைப்பேன்?' என்று கேட்டுப் பாருங்கள். வழக்கமாக இல்லாத ஒரு கல், புதிதாகத் தெரியும் ஒரு கம்பி, சுவரோடு ஒட்டாத ஒரு செங்கல்.

கிடைக்காவிட்டால் 'கிடைக்கவில்லை' என்று பதிவு செய்யுங்கள். இதில் அவமானம் ஒன்றும் இல்லை. நாலு பேர் அப்படி எழுதினால்தான் டப்பா தொலைந்தது வைத்தவருக்குத் தெரியும். தாளில் கையெழுத்துப் போடாமல் 'கண்டேன்' என்று மட்டும் எழுதாதீர்கள்.

வெளிநாட்டு வழிகாட்டிகளைப் படித்தால், விளையாட்டை அறியாத ஆட்களை 'மக்கிள்' என்பார்கள், அவர்கள் கண்ணில் படாமல் எடுக்க வேண்டும் என்பார்கள். வடசென்னையில் இது நடக்கிற காரியமா? காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் லாரி, ஆறு மணிக்குப் பால், ஏழு மணிக்குப் பள்ளி வேன், ராத்திரி பன்னிரண்டுக்கும் பரோட்டா கடை. யாரும் பார்க்காத நேரம் என்று ஒன்றே கிடையாது. தண்டையார்பேட்டையில் ஒரு தெரு முனையில் குனிந்து தேடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஆயா கேட்டார்: "இன்னா நைனா, அப்பத்துலேர்ந்து தேடிக்கினு கீற? சாவியா?" ஆமாம் என்று சொல்லியிருந்தால் தெருவே சேர்ந்து தேடியிருக்கும். உள்ளதைச் சொன்னேன். "டப்பாக்குள்ள துட்டு கீதா?" என்றார். இல்லை, பேர் எழுதுகிற தாள்தான் என்றேன். "அத்துக்கா இந்தப் பாடு!" என்று சிரித்துவிட்டு, நான் தேடும் வரை அந்தப் பக்கம் வந்த இரண்டு பையன்களை அவரே விரட்டினார். அன்றிலிருந்து நான் மறைத்து ஆடுவதை விட்டுவிட்டேன். போலீஸ்காரர் கேட்டாலும் இதுதான் வழி. செயலியைத் திறந்து காட்டி, நேராகச் சொல்லிவிடுங்கள். அடையாள அட்டை பையில் இருக்கட்டும்.

மூன்றாவது: சாலையை நடந்து பாருங்கள்

சொந்தமாக ஒன்று அமைக்க ஆசை வந்தால், டப்பா வாங்குவதற்கு முன் நடையைப் போடுங்கள். தியாகராயா கல்லூரி நிலையத்தில் தொடங்கித் தேரடி வரை ஐந்தாறு கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் முடியும். கால் வலித்தால் எந்த நிலையத்திலும் மெட்ரோ ஏறிக்கொள்ளலாம், இந்தச் சாலையின் பெரிய வசதியே அதுதான். கிழக்கே இருக்கும் எண்ணூர் விரைவுச் சாலையில் நடக்க வேண்டாம். கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு வரிசை கட்டும் சாலை அது.

கையில் நோட்டு வைத்துக்கொண்டு, கேள்வி கேட்கத் தோன்றும் இடங்களைக் குறியுங்கள். பெரிய இடமாக இருக்க வேண்டியதில்லை. மூடிப்போன அகஸ்தியா தியேட்டரைச் சொல்லி இன்னும் வழி கேட்கிறார்கள், அதுவும் ஒரு அடையாளம்தான். சாலையை விட்டுக் கிழக்கே கொஞ்சம் விலகினால் ராயபுரம் ரயில் நிலையம். 1856 ஜூன் 28 அன்று திறந்து, ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை ரயில் விட்ட நிலையம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய கட்டடம் முகப்புத் தூண்களோடு இன்னும் நிற்கிறது. வடக்கே திருவொற்றியூர். 1708இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்த ஐந்து கிராமங்களில் ஒன்று, ஆனால் அதற்குப் பல நூற்றாண்டு முன்பே மூவர் தேவாரம் பெற்ற ஊர். தியாகராஜர் கோயிலில் ராஜேந்திர சோழன் காலத்துக் கற்றளி, கடற்கரைப் பக்கம் பட்டினத்தார் சமாதி.

நான்காவது: இடம் கேள்வி கேட்கட்டும், டப்பா வேறெங்காவது இருக்கட்டும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு யோசனையைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கட்டடத்தில் டப்பா வைக்காதீர்கள். ரயில் நிலையம், துறைமுகம், மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் மின் நிலையம், கோயில், தர்கா, தேவாலயம், தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னம், எதிலும் கூடாது. கேட்பாரற்றுக் கிடக்கும் டப்பா நம் ஊரில் வெடிகுண்டுப் பயத்தைக் கிளப்பும், நியாயமான பயம்தான். தவிர, தேடுகிறவர்கள் கையை விட்டுத் துழாவித் துழாவி நூற்றைம்பது வருஷச் சுண்ணாம்புக் காரை உதிர்ந்துவிடும்.

அதற்குப் பதிலாக 'மல்ட்டி' வகையை எடுங்கள். முதல் இடத்தில் ஒரு கேள்வி, அதன் விடை ஒரு எண். அடுத்த இடத்தில் இன்னொன்று. எல்லா எண்களையும் சேர்த்தால் கடைசி டப்பா இருக்கும் இடம் வரும். டப்பாக்களுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர் தூரம் வேண்டும் என்பது விதி. கேள்வி மட்டும் இருக்கும் இடங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

கேள்வி எழுதுவதுதான் இதில் சுவாரசியமான வேலை. 'ராயபுரம் நிலையம் திறந்த ஆண்டு என்ன?' என்று கேட்டால் எவரும் கட்டிலில் படுத்தபடி விடை சொல்வார்கள். 'முகப்பில் வரிசையாக நிற்கும் தூண்கள் எத்தனை?' என்றால் சாலையில் நின்று எண்ணியே ஆக வேண்டும். எண்ணப்படுவது வெள்ளையடித்தால் மறையாததாக, வெளியிலிருந்தே தெரிவதாக, டிக்கெட் எடுக்காமல் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். கடைப் பலகை, சுவரொட்டி வேண்டாம், அடுத்த வாரம் இருக்காது. திருவொற்றியூரில் மூலவரின் கவசத்தைக் கழற்றுவது கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்தான். அதை வைத்துக் கேள்வி அமைத்தால் வருஷத்துக்கு மூன்று நாள் மட்டும் ஆடக்கூடிய விளையாட்டு ஆகிவிடும். ஒரு நண்பர் நிஜமாகவே இதை யோசித்தார்.

தமிழில் விடுகதை போடுங்கள், நமக்கு அது பழகிய கலை. 'பேய்க்கரும்பின் நுனி எங்கே இனித்ததோ அங்கே கடலைப் பார்த்து நில்' என்றால் பட்டினத்தார் கதை தெரிந்தவர் நேரே வந்துவிடுவார், தெரியாதவர் கதையைத் தேடிப் படிப்பார். எழுத்தை எண்ணச் சொல்வதும் நல்ல வழி. சங்கிலியாருக்குச் சுந்தரர் சத்தியம் செய்து கொடுத்தது எந்த மரத்தடியில்? மகிழம். எத்தனை எழுத்து? ம, கி, ழ, ம். நான்கு. ஆனால் ஒருவர் மகிழ் என்று எழுதி மூன்று என்பார். ஒருவர் புள்ளி எழுத்தை எண்ணமாட்டார். இன்னொருவர் ஆங்கிலத்தில் எழுதி எண்ணுவார். ஆகவே எதை எழுத வேண்டும், மெய்யெழுத்தும் சேருமா என்பதைக் கேள்வியிலேயே சொல்லிவிடுங்கள். எல்லா விடைகளின் கூட்டுத்தொகையையும் கொடுத்துவிட்டால் தேடுகிறவர் தன் கணக்கைத் தானே சரிபார்த்துக்கொள்வார். நடுத்தெருவில் நிற்கும் ஒருவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

ஐந்தாவது: டப்பாவும் அனுமதியும்

கடைசி டப்பாவுக்கு இடம் பார்க்கும்போது இடத்தைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள். வருஷக்கணக்காக அதே இடத்தில் இருக்கிறவர், தெருவைக் கவனிக்கிறவர், சொந்தச் சுவர் உள்ளவர். கடைக்குள் நுழைந்தோ, கடைக்காரரிடம் கேட்டு வாங்கியோ எடுக்கும்படி வைக்கக் கூடாது என்பது விளையாட்டின் விதி, வியாபார விளம்பரமாகிவிடும் என்பதற்காக. எனவே வெளிப்பக்கச் சுவரிலோ திண்ணைக்கு அடியிலோ வைக்க அனுமதி கேளுங்கள். வாடகைக்கு இருப்பவர் சரி என்றால் போதாது, வீட்டுக்காரரும் சரி சொல்ல வேண்டும். டப்பாவைத் திறந்து காட்டுங்கள், முதல் கையெழுத்தை அவரையே போடச் சொல்லுங்கள். என் டப்பா ஒரு இஸ்திரிக்காரர் வீட்டு வெளித்திண்ணையின் கீழே இருக்கிறது. நான் வைத்த அன்று தாளில் ஏறிய முதல் பெயர் அவர் பேத்தியுடையது.

டப்பா விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். உப்புக்காற்றில் இரும்பு டப்பாவும் காந்தமும் ஆறே மாதத்தில் துருப்பிடிக்கும். நான்கு பக்கமும் கிளிப் போட்டு மூடும் பிளாஸ்டிக் டப்பா நல்லது, உள்ளே இருப்பது வெளியே தெரிவது அதைவிட நல்லது. மேலே தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்: 'ஜியோகேச்சிங் விளையாட்டு டப்பா. ஆபத்து இல்லை. உள்ளே தாள் மட்டும்.' கூடவே உங்கள் தொடர்பு எண். உள்ளே சின்ன நோட்டு ஒன்றை ஜிப் கவரில் போட்டு, பென்சில் ஒன்று. பேனா வேண்டாம், ஈரத்தில் மை பரவிவிடும். தின்பண்டம் எதுவும் கூடாது. எறும்பு வரும், அதன் பின்னால் பெருச்சாளி வரும். தோண்டக் கூடாது, மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது.

இடத்தின் எண்ணை ஒரே தடவை எடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள். வெவ்வேறு நாளில் மூன்று தடவை எடுத்துச் சராசரி போடுங்கள். பாலத்தை ஒட்டிய தெருக்களில் இது கட்டாயம். பிறகு இணையதளத்தில் பதிவு செய்தால் தன்னார்வலர் ஒருவர் விதிகளுக்கு ஒத்துவருகிறதா என்று பார்த்து வெளியிடுவார். யார் அனுமதி கொடுத்தார் என்று அவருக்கு எழுதிவிடுங்கள், கேள்விகள் குறையும். வெளியிடுவதற்கு முன் ஒரு நண்பரைத் தனியாக அனுப்பி ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் கூடப் போனால் வாய் சும்மா இருக்காது.

அதற்கப்புறம் பராமரிப்பு. டப்பா வைத்தவர் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும் என்பதற்குக் காரணமே இதுதான். யாராவது 'தாள் நனைந்திருக்கிறது' என்று எழுதினால் ஒரு வாரத்துக்குள் போய்ப் பாருங்கள். முடியாத நிலை வந்தால் பதிவை மூடிவிட்டு டப்பாவை எடுத்துவந்துவிடுங்கள். சாலையில் குப்பையாகக் கிடக்க விடக் கூடாது. ஐப்பசி மழை தொடங்கும் முன் ஒரு தடவை, மார்கழியில் மழை விட்டதும் ஒரு தடவை கட்டாயம் போக வேண்டும். போன மார்கழியில் நான் துணியும் புது நோட்டுமாகப் போனபோது திண்ணைக்கு அடியில் டப்பாவைக் காணோம். தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றதாம். இஸ்திரிக்காரர் உள்ளேயிருந்து எடுத்துவந்து கொடுத்தார். நோட்டைக் கரிப்பெட்டியின் சூட்டில் தாள் தாளாகக் காயவைத்திருந்தார். "மூணு பேரு வந்து கேட்டாங்க. தண்ணி வடியட்டும், அப்பறமா வாங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்" என்றார்.